புரோட்டா காலை எடுக்கல, புரளிதான் எடுத்துச்சு

1/
கொஞ்சம் நீளமான இழை. கோவத்துலதான் எழுதுறேன், அதனால அங்கங்க சூடா இருக்கும். பொறுத்துக்கோங்க.

நேத்து ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அந்த வீடியோ மறுபடியும் வந்துச்சு. மைதா விஷம், புரோட்டா தின்னா சுகர் வரும், நிறுத்துனா சுகர் போயிரும்னு ஒருத்தர் கண்ணை உருட்டி உருட்டிப் பேசுவாரே, அதான். அனுப்புனவர் என் சித்தப்பா. கீழ பதினாலு பேர் கும்பிடு போட்டிருந்தாங்க. அதுல நாலு பேர் டிகிரி படிச்சவங்க.

2/
நான் பெரிய ஸ்பெஷலிஸ்ட் இல்ல. எம்.பி.பி.எஸ். படிச்ச அரசு மருத்துவர். சொந்த ஊர் மேலநீலிதநல்லூர். வேலை சங்கரன்கோவில் சுத்து வட்டாரத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரி. காலையில ஓ.பி.யில உக்காந்தா சுகர், பிரஷர், காய்ச்சல், நாய்க்கடி, தேள்கடின்னு மத்தியானம் வரைக்கும் தலை நிமிர முடியாது. அந்த வரிசையில உக்காந்து பாத்ததைத்தான் எழுதுறேன்.

3/
போன வருசம் ஒரு அண்ணாச்சி வந்தார். வயசு 47. விசைத்தறியில வேலை. சுகர் வந்து ஆறு வருசம். சுகர் பாத்தா 438. வலது கால் பெருவிரல் கருப்பா இருக்கு. கட்டைப் பிரிச்சதும் அந்த வாடை. டாக்டருங்க, நர்சுங்க எல்லாருக்கும் தெரியும் அது என்ன வாடைன்னு.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீயளா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.

"புரோட்டாவத் தொட்டே ரெண்டு வருசமாச்சு சார். மைதா பக்கமே போறதில்ல. அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்."

பெருமையாத்தான் சொன்னார். நான் பாராட்டுவேன்னு எதிர்பார்த்தார்.

4/
என்ன சாப்பிடுறார்னு கேட்டேன். மூணு வேளையும் சிறுதானியம். வரகரிசிச் சோறு தட்டு நிறைய. காலையில கேப்பைக் கூழ் ரெண்டு சொம்பு. காப்பியில சீனி கிடையாது, கருப்பட்டி. ராத்திரி பசிச்சா பேரீச்சம்பழம், தேன். "எல்லாம் இயற்கை சார்."

மெட்ஃபார்மின் மாத்திரை வீட்டுல அட்டை அட்டையா கிடக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. வாங்கி அலமாரியில வச்சிருக்கார்.

5/
பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு அனுப்பினோம். விரலோட நிக்கல. கிருமி மேல ஏறிருச்சு. முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதாப் போச்சு.

தறி ஓட்டுறவனுக்கு நாற்காலி கிடையாது. ஒரு தறிக்கும் அடுத்த தறிக்கும் நடுவுல நடந்துக்கிட்டே இருக்கணும். நூல் அறுந்தா ஓடணும். அவன் முதலீடே ரெண்டு கால்தான். அதுல ஒண்ணு போச்சு. இப்ப அவர் வீட்டுக்காரம்மா பீடி சுத்துற காசுல குடும்பம் ஓடுது.

அந்த வீடியோ போட்டவருக்கு இந்த அண்ணாச்சி பேர் தெரியாது. தெரியப் போறதும் இல்ல. அவருக்கு இது ஒரு 'வியூ'.

6/
இப்ப விஷயத்துக்கு வருவோம். அந்தப் புரளியோட முதல் காலு: "மைதாவில அலாக்சான் கலக்குறாங்க."

அலாக்சான்னு ஒரு ரசாயனம் உண்மையிலேயே இருக்கு. 1943ல கிளாஸ்கோவுல டன், ஷீஹன், மெக்லெட்சின்னு மூணு பேர் சிறுநீரகப் பாதிப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தப்போ, இதை முயலுக்கு ஊசியாப் போட்டாங்க. கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லெல்லாம் செத்துப் போச்சு. அதுலருந்து ஆய்வுக்கூடத்துல எலிக்கும் முயலுக்கும் சர்க்கரை நோயை வரவைக்க இதைப் பயன்படுத்துறாங்க. இதுவரைக்கும் உண்மை.

7/
இதுக்கு மேல பூராவும் கதை.

அலாக்சான் மாவை வெளுக்கிற ரசாயனம் கிடையாது. மாவை வெளுக்கப் பயன்பட்டது பென்சாயில் பெராக்சைடு, குளோரின் மாதிரி பொருள்கள். அப்படி வெளுக்கும்போது துளியூண்டு அலாக்சான் உண்டாகலாம்னு ஒரு பேச்சு உண்டு. அந்தத் துளி மனுசனுக்கு சுகர் வரவைக்குதுன்னு எந்த ஆதாரமும் இல்ல.

எலிக்கு ஊசியில போடுற அளவு கிலோவுக்கு சுமார் 100 மில்லிகிராம்னு வச்சா, 60 கிலோ ஆளுக்கு 6 கிராம் வருது. அதுவும் வாயால இல்ல, ஊசியால. போதாக்குறைக்கு எலியோட கணைய செல்லு மாதிரி மனுசனோட செல்லு இந்த ரசாயனத்தை உள்ள இழுக்கிறதில்ல.

8/
ரெண்டாவது காலு: "ஐரோப்பாவில மைதாவைத் தடை பண்ணிட்டாங்க."

யாரு சொன்னது? பாரிஸ்ல நீளமா ஒரு ரொட்டி விக்கிறாங்களே, அது என்ன கம்புல சுட்டதா? அங்க தடை பண்ணது மாவுல சேர்க்கிற சில ரசாயனங்களை. மாவை இல்ல. நம்ம ஊர்லயும் ரொட்டியில சேர்த்துக்கிட்டிருந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016ல தடை பண்ணாங்க. அது சரியான வேலை. அதைச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

9/
மூணாவது காலு: "போஸ்டர் ஒட்டுற பசையை மைதாவிலதான் காய்ச்சுறாங்க, அது குடல்ல ஒட்டிக்கும்."

ஏய்யா, அரிசிக் கஞ்சியை முக்கித்தான் எங்க தாத்தா வேட்டிக்கு மொடமொடப்பு ஏத்துவார். அதுக்காக சோறு தின்னா குடல் மொடமொடன்னு நிக்குமா? மாவுச்சத்து எதுவா இருந்தாலும் தண்ணியில காய்ச்சினா பசையாகும். வாயில இருக்கிற எச்சிலும் கணைய நீரும் சேர்ந்து அதை உடைச்சு சர்க்கரையா மாத்திரும். பிரச்சினையே அங்கதான்: அது ஒட்டுறதில்ல, ரொம்ப வேகமாக் கரைஞ்சு ரத்தத்துல ஏறிருது.

10/
அப்ப மைதா நல்லதா டாக்டர்?

இல்ல. நான் அப்படிச் சொல்லவே இல்ல. மைதாவில நார்ச்சத்து கம்மி. தவிடும் முளையும் போயிருது. சீக்கிரம் சர்க்கரையாகும். சுகர் இருக்கிறவங்களுக்கு அளவு ரொம்ப முக்கியம். இதைச் சொல்ல பொய் எதுக்கு? உண்மையே போதுமே.

பொய்யைக் கலந்தா என்ன ஆகும்னா, ஒரே ஒரு எதிரியை மட்டும் காட்டி மத்த எல்லாத்தையும் தப்பிக்க விட்டுரும். நம்ம தறிக்கார அண்ணாச்சிக்கு நடந்தது அதுதான்.

11/
கணக்கு பாருங்க. நம்ம நாட்டு உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் மைதாவில சுமார் 74 கிராம் மாவுச்சத்து. வெள்ளை அரிசியில 78. கேப்பையில 66. வரகுலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கம்புல 62.

சிறுதானியத்துல நாரும் சத்தும் கூட இருக்கு, மறுக்கல. ஆனா தட்டு நிறைய வரகுச் சோறு தின்னா, தட்டு நிறைய மாவுச்சத்துதான். கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் எல்லாம் ரத்தத்துக்குள்ள போனா சர்க்கரைதான். ரத்தத்துக்கு இயற்கை, செயற்கைன்னு சாதி தெரியாது.

12/
ஐ.சி.எம்.ஆர். இண்டியாப்னு ஒரு பெரிய ஆய்வு. நாடு முழுக்க 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பாத்தாங்க. 2023ல வெளியான முடிவுப்படி இந்தியாவில 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய். தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம். ஏழு பேர்ல ஒருத்தர்.

அதே ஆய்வோட உணவுப் பகுதி 2025ல வந்துச்சு. நம்ம ஆளுங்க சாப்பிடுற சக்தியில 62 சதவீதம் மாவுச்சத்துலருந்தே வருது. அரிசியைத் தூக்கிட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானிய மாவோ போட்டா மட்டும் ஆபத்து குறையல. மொத்த மாவுச்சத்தைக் குறைச்சு பருப்பு, பால், முட்டை, மீன் மாதிரி புரதத்தைக் கூட்டினாத்தான் குறையுதுன்னு சொல்லுது.

அண்ணாச்சி பண்ணது முதல் வேலை. யாரும் அவருக்கு ரெண்டாவதைச் சொல்லல. நானும் முன்னாடியே உக்கார வச்சுச் சொல்லல. ஓ.பி.யில ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிசம் கிடைக்கும். "புரோட்டா திங்காதீங்க, நடங்க, அடுத்தவங்க வாங்க." அந்தக் குத்தத்துல எனக்கும் பங்கு உண்டு.

13/
இப்ப இன்னொரு பக்கம். இவங்களையும் விட்டுவைக்க மாட்டேன்.

மெட்ராஸ்லருந்து கேமராவைத் தூக்கிக்கிட்டு வர்றவங்க. சங்கரன்கோவில் பிரியாணி, குத்தால சீசன்ல பிரானூர் பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழியும், விருதுநகர் பொரிச்ச புரோட்டா. கண்ணை மூடிக்கிட்டு "சொர்க்கம்"ம்பாங்க. அங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை விடியக்காலம் 4 மணிக்கு பிரியாணிக்கு வரிசை, ஓ.எம்.ஆர்.ல ஒரு தாம்பாளம் மந்தியை நாலு பேர் காலி பண்றது, பக்கெட் பிரியாணி, எவ்வளவு வேணாலும் தின்னுன்னு பஃபே.

ருசியா இருக்கிறதை ருசின்னு சொல்லுங்க. எங்க ஊர் சாப்பாட்டைப் புகழ்ந்தா எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனா பதினஞ்சு புரோட்டாவை ஒரே ஆள் தின்னா பரிசுன்னு போட்டி வைக்கிறீங்களே, அது சாப்பாட்டுக்குச் செய்யிற மரியாதையா?

14/
வேடிக்கை என்னன்னா, ரெண்டு வீடியோவும் ஒரே போன்லதான் ஓடுது. ராத்திரி 9 மணிக்கு தின்னு தீர்க்கிற வீடியோ. காலையில 6 மணிக்கு விஷம்னு பயமுறுத்துற வீடியோ. முதல்ல ஆசையைக் கிளப்பிக் காசு, அப்புறம் பயத்தைக் கிளப்பிக் காசு. ரெண்டாவது ஆள் வீடியோ முடிவுல ஒரு மூலிகைப் பொடி விப்பார் பாருங்க, டப்பா விலை என் நோயாளியோட ரெண்டு நாள் கூலி.

15/
எங்க ஆளுங்களையும் சொல்லிர்றேன். சர்க்கரை நோய் பத்தி டாக்டர்களுக்கு ஒரு கருத்தரங்கு. ஏசி ஹோட்டல். மேடையில உணவுக் கட்டுப்பாடு பத்தி முக்கால் மணி நேரம் பேச்சு. முடிஞ்சு கீழ இறங்கினா பஃபே: ரெண்டு வகை பிரியாணி, நான், பனீர், குலாப் ஜாமூன், மேல ஐஸ்கிரீம். நானும் ரெண்டு ஜாமூன் போட்டுக்கிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஓ.பி.யில தறிக்காரரைப் பாத்து "புரோட்டா தின்னியா?"ன்னு அதட்டுறோம். நாம தின்னா விருந்து, அவன் தின்னா ஒழுக்கக்கேடு. இது மருத்துவம் இல்ல, மேட்டிமைத்தனம்.

16/
புரோட்டா யாரோட சாப்பாடுன்னு ஒரு நிமிசம் யோசிங்க.

ராத்திரி 11 மணிக்கு ஷிப்ட் முடிச்சு தறிக்காரன் வெளிய வர்றான். லாரி டிரைவர் வர்றான். பூ மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்குறவன் வர்றான். வெளியூர் போயிட்டுக் கடைசி பஸ்ல குழந்தையோட ஒரு அம்மா இறங்குறா. ஊர்ல எல்லாம் அடைச்சிருக்கு. ஒரே ஒரு இடத்துல குழல் விளக்கு எரியுது, கல்லு சூடா இருக்கு, டங்கு டங்குன்னு கொத்துற சத்தம். சூடா, வயிறு நிறைய, கையில இருக்கிற காசுக்கு. வேற என்ன இருக்கு அவங்களுக்கு? யாராவது கம்மங்கூழ் கடை தொறந்து வச்சிருக்கீங்களா அந்த நேரத்துல?

17/
நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க அப்பா சங்கரன்கோவில் போயிட்டு வந்தா வாழை இலையில பார்சல் வரும். நூல் சுத்தின பொட்டலம், தனியா ஒரு பையில சால்னா. பிரிக்கிறப்போ வாடின இலை வாசம் வரும் பாருங்க, இப்பவும் மூக்குல இருக்கு. மாசத்துக்கு ஒருதடவை. மூணு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒண்ணரை.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ராத்திரி ஒரு மணிக்கு லேபர் வார்டுலருந்து வெளிய வந்தா, ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருந்த புரோட்டாக் கடைதான் சோறு போட்டுச்சு. மாஸ்டர் எங்க முகத்தைப் பாத்தே "இன்னைக்கு எத்தனை பிரசவம் டாக்டரே?"ம்பார். அந்தச் சாப்பாட்டை விஷம்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. அது எங்களை நிக்க வச்சுது.

மாசம் ஒருதடவை ஒண்ணரை புரோட்டா. இன்னைக்கு வாரத்துக்கு அஞ்சு நாள், நாலு நாலு புரோட்டா. மாறினது புரோட்டா இல்ல.

18/
அளவைச் சொல்றேன். கடைப் புரோட்டா ஒண்ணுல மாவு 60 கிராம்னு வச்சா அதுல 210 கலோரி. எண்ணெய் 10 கிராம்னா 90. மொத்தம் 300. நாலு தின்னா 1200. சால்னா, ஆம்லேட், கூல்டிரிங்க்ஸ் தனி. உக்காந்து வேலை பாக்குற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கே தேவை 2110 கலோரிதான்னு ஐ.சி.எம்.ஆர். சொல்லுது, பொம்பளைக்கு 1660. ஒரு ராத்திரிச் சாப்பாட்டுல பாதிக்கு மேல முடிஞ்சுது.

கூட ஒரு கால் லிட்டர் கூல்டிரிங்க்ஸ். அதுல அஞ்சு ஸ்பூன் சீனிக்கு மேல. அதை யாரும் விஷம்னு ஃபார்வர்டு பண்றதில்ல, கவனிச்சீங்களா? புரோட்டா மாஸ்டருக்கு வக்கீல் கிடையாது. கம்பெனிக்கு உண்டு.

19/
இப்ப உண்மையான வில்லனைப் பேசலாம். எண்ணெய்.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினா அது உடைஞ்சு கெட்ட பொருள்கள் சேரும். அதை அளக்க ஒரு கணக்கு இருக்கு, 'மொத்தப் போலார் சேர்மங்கள்'. 2018 ஜூலை 1லருந்து நாட்டுல சட்டம்: அது 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதே வருசம் ஆகஸ்ட்ல 'ரூகோ'ன்னு திட்டம் வந்துச்சு. பழைய எண்ணெயைச் சேகரிச்சு பயோடீசல் ஆக்குறது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கிற கடை கணக்கு எழுதி வைக்கணும்.

20/
அந்தத் திட்டம் எதுக்கு வந்துச்சு? பெரிய கடையில பொரிச்சு முடிச்ச எண்ணெய் குறைஞ்ச விலைக்குக் கைமாறி சின்னக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் போகுது, அதைத் தடுக்கத்தான்.

அதாவது மேல இருக்கிறவன் ஒருதடவை தின்ன எண்ணெய், கீழ இருக்கிறவன் தட்டுக்கு இறங்கி வருது. பளபளன்னு இருக்கிற ஓட்டல்ல உக்காந்து பொரிச்ச கோழி தின்னுட்டு, ரோட்டுக் கடைக்காரனைப் பாத்து "சுத்தமே இல்ல"ன்னு மூக்கைச் சுளிக்கிறவங்க, தின்ன கடையில "பழைய எண்ணெயை யாருக்குக் கொடுக்கிறீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

21/
ஒரு புரோட்டா மாஸ்டர் என்கிட்ட தோள்வலிக்கு வருவார். இருபது வருசமா மாவை வீசி வீசி மூட்டு தேஞ்சு போச்சு. முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறிச்ச தழும்பு. அவர்கிட்ட எண்ணெயைப் பத்திக் கேட்டேன்.

"டாக்டரே, புது டின் தொறந்தா எனக்கும் சந்தோசம்தான். புகையாது, கண்ணு எரியாது. மொதலாளிக்கு ஒரு நாள் லாபமே ஒரு டின்னுல போயிரும். நீங்க பத்து ரூவா கூடக் கொடுத்து திம்பீயளா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. நாலாயிரம் ரூபாய்க்கு மூலிகைப் பொடி வாங்குவோம். புரோட்டாவுக்கு விலை ஏறினா கடைக்காரனைத் திட்டுவோம்.

22/
அரசாங்கத்துக்கும் ரெண்டு வார்த்தை. நானும் அந்தச் சம்பளம் வாங்குறவன்தான், உரிமையோட சொல்றேன்.

சின்ன ஊர்ல எண்ணெயைச் சோதிக்கிற கருவியோட அதிகாரி வாரம் ஒருநாள் சுத்தட்டும். அபராதம் போடுறதுக்கு முன்னாடி மாஸ்டருங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு ஒருநாள் சொல்லிக் கொடுங்க. சின்னக் கடையிலருந்தும் பழைய எண்ணெயைக் காசு கொடுத்து எடுக்க வண்டி வரட்டும். ஷிப்ட் வேலை நடக்கிற ஊர்ல ராத்திரி 12 மணி வரைக்கும் இட்லி, முட்டை, சுண்டல் கிடைக்கிற மாதிரி ஒரு கடைக்காவது வழி பண்ணுங்க. இதெல்லாம் கோடி ரூபாய்த் திட்டம் கிடையாது.

23/
கீழ வரப் போற கமெண்டுக்கு முன்கூட்டியே பதில்.

"டாக்டர் மைதா மில்காரங்ககிட்ட காசு வாங்கிட்டார்": வாங்கியிருந்தா ஒரு வாரம் லீவு போட்டுட்டுத் தூங்கியிருப்பேன்.

"எங்க தாத்தா கம்பு தின்னு 90 வயசு இருந்தார்": சந்தோசம். அவர் கம்பை விதைச்சு, களை எடுத்து, அறுத்து, அதுக்கப்புறம் தின்னார். நீங்க ஆன்லைன்ல வாங்கி சோபாவில உக்காந்து திங்கிறீங்க. கூடவே அவரோட பொறந்தவங்க எத்தனை பேர் அஞ்சு வயசுக்குள்ள போனாங்கன்னும் விசாரிங்க.

"இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்": சுகர்தான் கிட்னியைக் கெடுக்கும். மாத்திரை அதைத் தடுக்கத்தான். கிட்னி ஏற்கெனவே பழுதானவங்களுக்கு அளவை மாத்துவோம், அதுக்குத்தான் ரத்தப் பரிசோதனை.

24/
சரி, என்னதான் பண்ணணும்? என் நோயாளிகளுக்கு இப்ப நான் சொல்றது இது. ரெண்டு நிமிசம் நாலு நிமிசமானாலும் பரவாயில்லன்னு சொல்றேன்.

புரோட்டாக் கடைக்குப் போங்க. சுகர் இருந்தா ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு, எப்பவாவது. பக்கத்துல ரெண்டு முட்டை, தயிர் வெங்காயம். முட்டையையும் வெங்காயத்தையும் முதல்ல தின்னுட்டு, அப்புறம் புரோட்டா. சர்க்கரை ஏறுற வேகம் குறையும். சால்னாவை ஊத்திக் குளிப்பாட்டாதீங்க, உப்பும் எண்ணெயும் அதுலதான். ஒரு நாளைக்கே 5 கிராம் உப்புக்குள்ள இருக்கணும். கூல்டிரிங்க்ஸ் வேண்டாம், தண்ணி. வீட்டுக்கு வண்டியில போகாம பதினஞ்சு நிமிசம் நடங்க.

எண்ணெய் கருப்பா, நுரை தள்ளிக்கிட்டு, புகையா வந்தா வேற கடை பாருங்க. ஏன் போறோம்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.

25/
இதைவிட முக்கியம் இது. எதை வேணாலும் நிறுத்துங்க, டாக்டர் சொல்லாம மாத்திரையை நிறுத்தாதீங்க. இன்சுலினை நிறுத்தவே நிறுத்தாதீங்க. சாப்பாட்டை மாத்தி எடையைக் குறைச்சு மாத்திரை குறைஞ்சவங்க இருக்காங்க. மூணு மாச சராசரி பாத்து, நாங்களே படிப்படியாக் குறைச்சிருக்கோம். அது வீடியோ பாத்து நீங்களா எடுக்கிற முடிவு இல்ல.

தினமும் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் பாருங்க. குனிய முடியலன்னா வீட்டுல யாரையாவது பாக்கச் சொல்லுங்க. சுகர்காரங்களுக்கு வலி தெரியாது, அதான் ஆபத்து. சின்னப் புண்ணா இருக்கும்போதே வாங்க. அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது.

26/
அந்த அண்ணாச்சி இப்பவும் வர்றார். கட்டைக்கால் போட்டுக்கிட்டு, மகன் பைக்ல. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறார், இன்சுலினும் போட்டுக்கிறார். போன மாசம் சுகர் 146.

சீட்டை வாங்கிட்டு கிளம்புறப்போ தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், எப்பவாவது ஒரு புரோட்டா திங்கலாமா? ரெண்டு வருசம் வீணா விட்டுட்டேன்."

"திங்கலாம் அண்ணாச்சி, ஒண்ணு. கூட முட்டை"ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போனார். எனக்குச் சிரிப்பு வரல.

27/
சித்தப்பாவுக்கு குரூப்லயே பதில் போட்டுட்டேன். கோவிச்சுக்கிட்டார். பரவாயில்ல, அவருக்கும் சுகர் இருக்கு, மாத்திரையை நிறுத்தாம இருந்தாப் போதும்.

உங்க வீட்டுலயும் ஒரு அலமாரியைத் தொறந்து பாருங்க. அம்மாவோ அப்பாவோ வாங்கி வச்ச மாத்திரை அட்டை பிரிக்காமக் கிடந்தா, திட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து ஏன்னு கேளுங்க. அப்புறம் அவங்களைக் கூட்டிக்கிட்டு பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாளைக்குக் காலையிலயே போங்க.

இழை முடிஞ்சது. ராத்திரி டூட்டிக்குக் கிளம்புறேன்.